அகலமான படிக்கட்டும் மடக்கிய குடையும்

அமெரிக்க நாவல்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் எரிச்சல்தான் வருகிறது. நாவல்கள் மேல் அல்ல. அவற்றில் நாலைந்தைப் படித்துவிட்டு, பணத்தையும் அந்தஸ்தையும் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் தெரிந்துவிட்டது என்ற நினைப்பில் இலங்கை மலைநாட்டுப் பதுளைக் கடைத்தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த ஒரு வாத்தியார் மேல். அந்த வாத்தியார் நான்தான்.

இப்போது தெமோதரை வரைக்கும் ரயில் வந்துவிட்டது. கொழும்புக்கு ஒரு கடிதம் போட்டால் சில நாளில் கேட்ட புத்தகம் கைக்கு வந்துவிடும். நான் சொல்வது அதற்குப் பல வருஷம் முந்திய காலம். அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றது. அங்கிருந்து மாட்டுவண்டி. வண்டியில் அரிசி வரும், மண்ணெண்ணெய் வரும், துணி மூட்டை வரும், நாவல் வராது. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவன் கையில் ஆங்கில நாவல் கிடைக்க வேண்டுமானால் ஏதாவது ஒரு துரை தோட்டத்தை விட்டுச் சீமைக்குத் திரும்பிப் போக வேண்டும். துரைமார் கிளப்பில் அலமாரி அலமாரியாகப் புத்தகம் இருப்பதாகக் கேள்வி. கிளப்புக்குள் நம் ஆட்களும் போகலாம்தான். கையில் தட்டு ஏந்திக்கொண்டு போக வேண்டும்.

என் அதிர்ஷ்டத்துக்கு ஒரு துரை கிளம்பினார். அவர் பங்களாச் சாமான்களை வாசலில் பரப்பி ஏலம் விட்டார்கள். கட்டிலுக்கும் நிலைக்கண்ணாடிக்கும் கடைக்காரர்கள் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு மரப்பெட்டி மிஞ்சியது. மேலே ஒரு ஜோடி பூட்ஸ், அடியில் புத்தகங்கள். பூட்ஸுக்கு ஆசைப்பட்டு ஒருவர் எடுத்துப் பார்த்தார். இரண்டும் இடது கால் பூட்ஸ். போட்டுவிட்டுப் போய்விட்டார். பெட்டி என்னிடம் வந்தது. உள்ளே இருந்தவை எல்லாம் அமெரிக்காவில் அச்சான நாவல்கள். அந்தத் துரை இலங்கைக்கு வருமுன் அமெரிக்காவில் ஏதோ தொழில் செய்து நொடித்துப்போனவர் என்று பங்களாச் சமையல்காரர் சொன்னார். இங்கேயும் நொடித்துத்தான் போனார்.

மூன்று மழைக்காலம் அந்தப் பெட்டியோடு குடும்பம் நடத்தினேன். ஒரு நாவலில் மரமே இல்லாத ஒரு சமவெளியில் மண் குடிசை போட்டுக்கொண்டு விவசாயம் செய்கிறவன், மனைவி கேட்டாள் என்று ஒரு பியானோவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறான். குடிசை வாசலில் அது நுழையவில்லை. அடுத்த அறுவடைக்குப் பெரிய வீடு கட்டிவிடலாம் என்று மாட்டுக்கொட்டகையில் வைக்கிறான். அறுவடை பொய்த்துக்கொண்டே இருக்கிறது. கடைசி அத்தியாயத்தில் பியானோவுக்குள் கோழி முட்டையிடுகிறது. இன்னொரு நாவலில் கடையில் வேலை செய்கிற ஒரு பெண் பணக்காரர் வீட்டு விருந்துக்குப் போவதற்காக மஞ்சள் நிறத்தில் கையுறை வாங்குகிறாள். கை சொரசொரப்பு தெரிந்துவிடும் என்று அதைக் கழற்றவே இல்லை. கழற்றாமல் எப்படிச் சாப்பிடுவது? பட்டினியாக எழுந்து வருகிறாள்.

என்னை ஆட்டிப்படைத்தது மூன்றாவது நாவல். ஆணி விற்றுப் பெரும் பணக்காரனான ஒருவன், பரம்பரைச் செல்வந்தர்கள் குடியிருக்கும் தெருவில் ஒரு மாளிகை கட்டுகிறான். அதற்குள் ஒரு படிக்கட்டு. ஆறு பேர் கைகோத்துக்கொண்டு ஏறலாம், அவ்வளவு அகலம். சிவப்புக் கம்பளம் விரித்துத் தெருவில் உள்ள எல்லோரையும் விருந்துக்கு அழைக்கிறான். ஒருவரும் வரவில்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு வேலைக்காரன் கையில், வர முடியவில்லை என்ற வருத்தச் சீட்டு வருகிறது. பிறகு தொழில் படுத்துப்போய் வீடு விலைக்குப் போகிறது. வீட்டை ஒப்படைக்கும் நாளில் அவன் சேற்றுப் பூட்ஸோடு அந்தக் கம்பளத்தின் மேல் ஏறுகிறான், இறங்குகிறான், மறுபடி ஏறுகிறான். கம்பளம் அழுக்காகுமே என்று அதுவரை அவனே ஓரமாகத்தான் ஏறிக்கொண்டிருந்தான்.

அதைப் படித்த அன்று என்னால் உட்கார முடியவில்லை. இந்தக் கதைகளில் பணம் பணமாக வருவதே இல்லை என்பது திடீரென்று புலப்பட்டது. பியானோவாக வருகிறது, கையுறையாக வருகிறது, படிக்கட்டாக வருகிறது. என்னையும் உங்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வாய்விட்டுக் கேட்க முடியாதவன் ஒரு சாமானை வாங்கி வைத்து அதைக் கேட்க வைக்கிறான். அந்தச் சாமானே கடைசியில் அவனைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பணம் சம்பாதித்துவிடலாம், அந்தஸ்தைச் சம்பாதிக்க முடியாது என்று அந்த நாட்டு எழுத்தாளர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தேன். அதனால் வந்த வினைதான் மற்றதெல்லாம்.

அப்போது பதுளையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் புடவைக்கடை மாடியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். கடை முதலாளி எங்கள் பக்கத்து மனிதர், திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து தொழிலில் தழைத்தவர். மூலையில் இரும்புக்கடை நானா உட்கார்ந்திருப்பார். பதுளை முஸ்லிம் வியாபாரிகளில் பேச்சைக் கேட்பதற்கென்றே கடையை மகனிடம் விட்டுவிட்டு வருகிறவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் அரசாங்கக் கச்சேரியிலும் கோர்ட்டிலும் எழுத்து வேலை செய்கிறவர்கள். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் அந்தப் படிக்கட்டைப் பற்றிப் பேசினேன். கோட்டுப் போட்டுக்கொண்டு பேசினேன். பேசி முடித்தபோது என் கண்ணில் நீர் நின்றது.

புடவைக்கடை முதலாளி தொண்டையைச் செருமினார்.

"வாத்தியாரே, அந்தக் கம்பளம் எந்த ஊரு சரக்குன்னு போட்டிருக்கா?"

கோர்ட்டு எழுத்தர், விருந்துக்கு வருவதாக ஒப்புக்கொண்டுவிட்டு வராமல் இருந்தார்களா, ஒப்புக்கொள்ளாமலே இருந்தார்களா என்று கேட்டார். முந்தியது என்றால் வழக்குப் போடலாமாம். தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. படிக்கட்டு என்பது வெறும் படிக்கட்டு அல்ல என்று இன்னொரு முறை அடியிலிருந்து விளக்கினேன். அப்போது இரும்புக்கடை நானா கையை உயர்த்தினார்.

"மாஸ்டர், அந்த ஊட்டு வேலைக்காரங்களும் அந்தப் படியாலதானா ஏறுற?"

"அது கதையில் இல்லை நானா."

"ஈக்கும். நல்லாப் பாருங்க. அவ்வளவு பெரிய ஊட்டுக்கு யாரோ தண்ணி தூக்கித்தானே ஈக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஒரு மனிதனின் கனவு நொறுங்கியதைச் சொன்னால் தண்ணீர் தூக்கியவனைக் கேட்கிறாரே, இந்த ஊரில் இலக்கியம் பேச வந்தது என் புத்திக் கோளாறு என்று கறுவிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வந்து, அவர் சொன்னது பொய் என்று நிரூபிப்பதற்காகவே புத்தகத்தைப் புரட்டினேன். நடுவில் ஒரே ஒரு வரி இருந்தது. சமையலறைக்குப் பின்னால் ஓர் ஒடுக்கமான படி. அதன் வழியாக ஒரு வேலைக்காரி வெந்நீர் கொண்டுபோகிறாள். அவ்வளவுதான். என் விளக்கத்துக்கு அந்த வரி உதவாது என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வாத்தியாராக்கியவர் அவர்தான். பசறையைத் தாண்டி மடுல்சீமைக்குப் போகிற வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் பெரிய கங்காணி. ஆட்களை ஊரிலிருந்து கூட்டிவந்து, லயங்கள் என்கிற வரிசை வீடுகளில் குடிவைத்து, தினம் வேலைக்கு இறக்குவது பெரிய கங்காணியின் பொறுப்பு. இருநூறு பேர் அண்ணன் பேரில் இருந்தார்கள். பசறைப் பக்கம் அவருக்குச் சொந்த நிலம் இருந்தது. காதில் சிவப்புக் கடுக்கன், தலையில் சரிகைத் தலைப்பாகை, கோட்டில் தொங்கும் கடிகாரச் சங்கிலி. பெரிய துரைக்கு உதவியாகப் புதிதாக வந்திருந்த சின்னத்துரை மீசை சரியாக முளைக்காத பிள்ளை. அந்தப் பிள்ளையின் பங்களாவில் இருந்ததைவிட அண்ணன் வீட்டில் நாற்காலி அதிகம்.

ஆனால் துரை எதிரே வந்தால் அண்ணன் குடையை மடக்க வேண்டும். மழை கொட்டினாலும் சரி, வெயில் கொளுத்தினாலும் சரி. தோட்டத்தில் துரைக்கு முன்னால் விரித்த குடையோடு ஒருவரும் நிற்கக்கூடாது. இது எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. எழுதியிருந்தால் மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கலாம். லீவுக்குப் போகும்போதெல்லாம் சரிகைத் தலைப்பாகையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அண்ணன் வீட்டுக்கு வருவதையும், அண்ணி துண்டை நீட்டுவதையும் பார்த்திருக்கிறேன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு லீவில் படிக்கட்டுக் கதையை அண்ணனுக்குச் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே கடைசி வரை கேட்டார்.

"பாவம்டா தம்பி. அவனுக்கு நல்ல தொரையா ஒருத்தர் வாய்க்கல."

"அந்த ஊர்ல தொரையே கெடையாதுண்ணே. எல்லாரும் சமம்னு சொல்லிக்கிற ஊரு."

"பின்ன அந்தத் தெருவுக்காரங்க யாரு?"

கோபப்பட்டுக்கொண்டு எழுந்துபோனேன்.

அந்த வருஷம்தான் அண்ணன் மகளுக்குச் சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளை வேறு யாரும் இல்லை, புடவைக்கடை முதலாளியின் மூத்த பையன். பேச்சை எடுத்தவனே நான்தான். பதுளையிலிருந்து ஒரு நல்ல குடையும் வாங்கிக்கொண்டு போனேன். கறுப்புப் பட்டுத்துணி, வளைந்த மூங்கில் பிடி, பிடியில் வெள்ளி வளையம். அண்ணன் அதை விரித்து, கூடத்துக்குள்ளேயே தலைக்கு மேல் பிடித்துப் பார்த்தார். சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

நான் விஷயத்துக்கு வந்தேன். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிற அன்று வழியில் துரை எதிர்ப்பட்டால் குடையை மடக்கக்கூடாது என்றேன். அண்ணன் வெள்ளி வளையத்தை விரலால் தேய்த்தார்.

"நானும் அதைத்தான் நெனச்சேன். அவங்க டவுன்ல கடை வச்சிருக்கறவங்க. யாருக்கும் கொடை மடக்கிப் பழக்கமில்ல. அவங்க முன்னாடி நான் நனைஞ்சுகிட்டு நின்னா, இவரும் ஒரு கூலிதானான்னு நெனைக்க மாட்டாங்களா? எம்பொண்ணு அந்த வீட்டுல காலத்துக்கும் தலை நிமிர முடியாது."

"மடக்காதீங்க."

"மடக்க மாட்டேன். ஒரு நாளு. அந்த ஒரு நாளு மட்டும் மடக்க மாட்டேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டி நாவல்களில் எந்த எழுத்தாளனும் எழுதாத ஒரு முடிவை என் அண்ணனை வைத்து நான் எழுதப்போகிறேன் என்று நினைத்தேன். இப்படித்தான் நினைத்தேன், மறைப்பதற்கில்லை.

தீபாவளி கழிந்த வாரத்தில் அவர்கள் வந்தார்கள். முதலாளி, அவர் மனைவி, அவர் தம்பி. நான் அவர்களோடு வந்தேன். தோட்டத்து எல்லைக் கடை வரை வண்டி; அதற்கு மேல் செம்மண் சேற்றில் நடைதான். அண்ணன் சரிகைத் தலைப்பாகையோடு எல்லைக் கடைக்கே வந்து நின்றார். ஐப்பசி மழை சட்டியைக் கவிழ்த்த மாதிரி கொட்டியது. பட்டுக்குடையை விரித்துக்கொண்டு அண்ணன் முன்னால் நடந்தார். நாங்கள் ஆளுக்கொரு குடையோடு பின்னால் நடந்தோம்.

கொழுந்துக் கூடைகளோடு எதிரே வந்த லயத்து ஆட்கள் வழக்கம்போல் ரோட்டோரத்துத் தண்ணீர்க் கானில் இறங்கி நின்று, தலையில் போட்டிருந்த கம்பளியைத் தோளுக்கு இறக்கிக்கொண்டார்கள். நாங்கள் தாண்டிப் போகும் வரை மழையில் அப்படியே நின்றார்கள். முதலாளி அதைப் பார்த்துவிட்டுத் தம்பியிடம் தலையாட்டினார். அண்ணனுக்குப் பெருமை. எனக்கும்தான்.

இரண்டாவது வளைவில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது. அதைக் கேட்டதும் நான் எதிரே பார்க்கவில்லை, அண்ணனின் கையைப் பார்த்தேன். கட்டைவிரல் குடைக்கம்பியின் விசைக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. சின்னத்துரை வளைவில் தெரிந்தார். விரல் நகரவில்லை. குதிரை நெருங்கியது. அப்போதும் நகரவில்லை.

"மடக்காதீங்கண்ணே," என்று பின்னாலிருந்து மெல்லச் சொன்னேன்.

குதிரை பத்தடி தூரத்துக்கு வந்தபோது குடை மடங்கியது. அண்ணன் மடக்கினார் என்று சொல்ல மாட்டேன். அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கே அது தெரியாதது போலத்தான் இருந்தது. அதைப் பார்த்த முதலாளி தன் குடையை மடக்கினார். அவர் தம்பி மடக்கினார். முதலாளியம்மாளும் குடையை மடக்கி, சேலைத் தலைப்பை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார்.

நான் மடக்கவில்லை.

"கங்காணி, நல்ல மழை," என்றார் சின்னத்துரை, அவர் பழகிக்கொண்டிருந்த தோட்டத் தமிழில்.

"ஆமாங்க தொரைகளே."

"யாரு இந்த ஆளு?"

"பதுளைக் கடை மொதலாளிங்க தொரைகளே. நம்ம பொண்ணப் பாக்க வந்திருக்காங்க."

"நல்லது, நல்லது."

பிறகு என்னைப் பார்த்தார். என் தலைக்கு மேலே பார்த்தார். நான் நல்ல ஆங்கிலத்தில், இலக்கணம் பிசகாமல், வணக்கம் சொன்னேன். ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுக் குதிரையைத் தட்டிக்கொண்டு போனார். அந்த நிமிஷம் எனக்குள் ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது. அண்ணன் தலைப்பாகையிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நான் என் ஆங்கிலம் சரியாக வந்ததை நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போனதும் முதலாளி முகத்தைத் துடைத்துக்கொண்டு என்ன சொல்வாரோ என்று எனக்குத் திக்கென்றிருந்தது. அவர் முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"தொரை குதிரைய நிறுத்திப் பேசினாரே! நான் பதுளையில இத்தனை வருசமா கடை வச்சிருக்கேன். ஒரு தொரை என்னைப் பாத்து யாரு இந்த ஆளுன்னு கேட்டதில்ல. கங்காணியாருக்கு என்ன செல்வாக்கு!"

அந்த மகிழ்ச்சியிலேயே தாம்பூலம் மாற்றியாயிற்று. பெண்ணுக்குப் பூ வைத்தார்கள். அண்ணி உள்ளே சிரிக்கிற சத்தம் கேட்டது. அத்தனை பேருக்கும் நடுவில் நான் ஒருவன்தான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதையில் அந்த மனிதன் கட்டிய படிக்கட்டில் ஏற ஆள் வரவில்லை. இங்கே படிக்கட்டின் அடியில் ஈரத்தோடு நிற்பதையே இவர்கள் கொண்டாடுகிறார்களே என்று ஆத்திரமாக வந்தது. அண்ணன் அன்று முழுவதும் என் பக்கம் திரும்பவில்லை. மடக்கிவிட்ட வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் தப்பு மேளம் அடிக்கிற சத்தம் கேட்டது. வேலைக்கு ஆட்களைக் கூட்டி எண்ணிப் பிரிக்கிற இடத்தைப் பெரட்டுக்களம் என்பார்கள். அண்ணன் வீட்டு வாசலில் நின்றால் அது கீழே நன்றாகத் தெரியும். மழை தூறிக்கொண்டிருந்தது. பல் துலக்கிக்கொண்டே பார்த்தேன். சின்னத்துரை அண்ணனைப் பார்த்து ஏதோ சொன்னார். அண்ணன் தலைப்பாகையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். ஆட்கள் ஒவ்வொரு மலைக்காகப் பிரிந்து போனார்கள், அவரைத் தாண்டித்தான் போனார்கள். கடைசிக் கூடை போகும் வரை அண்ணன் வெறுந்தலையோடு அங்கேயே நின்றார். என் வாயில் உமிக்கரி கசந்தது.

வீட்டுக்கு வந்தவர் தலையைக்கூடத் துவட்டவில்லை.

"ஏன்டா மடக்கல?"

"நான் இந்தத் தோட்டத்து ஆளு இல்லையேண்ணே. நான் ஏன் மடக்கணும்?"

"நான் இந்தத் தோட்டத்து ஆளுதானே. ஒன் தம்பி பெரிய மனுசனா, இந்தத் தோட்டத்துக்கு ரெண்டு தொரை வேணாம்னு எரநூறு பேருக்கு முன்னாடி சின்னத்தொரை கேக்கறாரு. ஒன் கொடைக்கும் சேத்து நாந்தான்டா நனையணும்."

"நீங்க நேத்து மடக்காம நின்னிருந்தா..."

"நின்னிருந்தா? ஒன் கதையில வர்ற ஆணிக்காரனாட்டம் நானும் வீட்டை விட்டுட்டு எறங்கணும். நீ பதுளைக்குப் போயி மாடியில ஒக்காந்து அதையும் ஒரு கதையாச் சொல்லுவ."

அது சுருக்கென்று தைத்தது. உண்மை என்பதால் இன்னும் கோபம் வந்தது. நாய் மாதிரி நனைந்தாவது அந்தச் சங்கிலியையும் கடுக்கனையும் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். என்னைப் படிக்க வைத்த மனிதரிடம் சொன்னேன். அண்ணன் உள்ளே போய்ப் பட்டுக்குடையை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார்.

"இதைக் கொண்டு போ. இது டவுன்ல புடிக்கிற கொடை."

அண்ணி காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடிக்கவில்லை. என் குடையை விரித்துக்கொண்டு, அண்ணன் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினேன். ரோட்டில் எனக்கு நானே பேசிக்கொண்டு நடந்தேன். துரையைத் திட்டினேன், முதலாளியைத் திட்டினேன், அண்ணனைத் திட்டினேன். இந்த மலையில் தன்மானத்தோடு குடை பிடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று பசறை வரைக்கும் கேட்கிற மாதிரி மனசுக்குள் கத்தினேன்.

அந்த இரண்டாவது வளைவுக்குச் சற்று மேலே ஒரு பெண் எதிரே வந்தாள். கொழுந்து பறிக்கிறவள், கூடை இல்லை. இடுப்பில் ஒரு வயதுப் பிள்ளை. கம்பளியைத் தன் தலையிலிருந்து பிள்ளையின் தலை வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு வேகமாக வந்தாள். என்னைக் கண்டதும் கானில் இறங்கினாள். தண்ணீர் முழங்கால் வரை ஓடியது. கம்பளியை உருவித் தோளில் போட்டுக்கொண்டாள். பிள்ளையின் தலையில் மழை விழுந்தது. பிள்ளை இருமியது.

எத்தனை வருஷமாக இந்த ரோட்டில் நடக்கிறேன்! எத்தனை கம்பளி இறங்கியிருக்கும்! அன்றைக்குத்தான், அந்த இருமலைக் கேட்டுத்தான், அது என் கண்ணில் பட்டது.

"கம்பளியப் போட்டுக்க. பிள்ளை நனையுதில்ல?"

"நீங்க போங்க சாமி. போட்டுக்கிறேன். மருந்துக்குத்தான் கொண்டு போறேன், நெஞ்சுல சளி."

"நான் நின்னா என்ன? போட்டுக்கம்மா."

"நீங்க போங்க சாமி."

அவள் குனிந்துகொண்டே சொன்னாள். கக்கத்திலிருந்த பட்டுக்குடையை எடுத்து நீட்டினேன். வெள்ளி வளையத்தைப் பார்த்ததும் அவள் இன்னும் ஓரடி பின்னால் போனாள்.

"அய்யோ, கங்காணியய்யா கொடைங்க. நான் தொடலாமா?"

கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அழுகை வந்தது. நான் துரைக்கு மடக்காத என் குடையை, அவளுக்கு முன்னால், மடக்கினேன். மழை என் தலையில் விழுந்தது. இனியாவது அவள் நிமிர்வாள் என்று நினைத்தேன்.

அவள் முகம் வெளுத்துப்போயிற்று. பிள்ளையை இறுக்கிக்கொண்டு, எனக்குப் பின்னால் மேட்டையும் தனக்குப் பின்னால் வளைவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தொரை வர்றாங்களா சாமி?"

"இல்லம்மா. யாரும் வரல."

அவள் நம்பவில்லை. நம்புகிற மாதிரி நான் என்ன செய்துவிட்டேன்? கானுக்குள் இன்னும் ஒதுங்கி, தேயிலைச் செடியோடு ஒட்டிக்கொண்டு, குதிரைச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி நின்றாள். நாங்கள் மூன்று பேரும் நனைந்தோம். பிள்ளை மறுபடி இருமியது.

வேறு வழி தெரியாமல் என் குடையை விரித்துக்கொண்டு நடந்தேன். வேகமாகத்தான் நடந்தேன். வளைவில் திரும்பிப் பார்த்தபோது, அவள் கம்பளியை எடுத்துப் பிள்ளையின் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள்.